பெரும் பகா எண்கள்: வடிவம், சான்று, மறைவு

1-ஆலும் தன்னாலும் அன்றி வேறெந்த மிகை முழு எண்ணாலும் மீதியின்றி வகுபடாத, 1-ஐவிடப் பெரிய முழு எண் பகா எண் எனப்படும்; அவ்வாறு வகுபடக்கூடியது பகு எண் எனப்படும். பகா எண்களுக்கு முடிவில்லை என்பதை யூக்ளிட் இரண்டாயிரம் ஆண்டுகளுக்கும் முன்பே நிறுவிவிட்டார் எனினும், குறிப்பிட்ட ஒரு பெரிய எண் பகா எண்தானா என்று அறிவதும், பகு எண் என்று தெரிந்த பெரிய எண்ணைக் காரணிகளாகப் பிரிப்பதும் இன்றுவரை ஆய்வுக்குரிய சிக்கல்களாகவே இருந்துவருகின்றன. பெரும் பகா எண்களை இன்று இரு தரப்பினர் நாடுகின்றனர். ஒரு தரப்பு கோடிக்கணக்கான இலக்கங்கள் கொண்ட எண்ணைத் தேடிக் கண்டு உலகறிய வெளியிடுகிறது. மறு தரப்பு முந்நூற்றுச் சொச்சம் இலக்கங்கள் கொண்ட எண்களை உருவாக்கி எவரும் அறியாதபடி மறைத்துவைக்கிறது. இவ்விரு தேவைகளும் எண்ணின் வெவ்வேறு பண்புகளைச் சார்ந்தவை என்பதையும், அவற்றுள் எவை நிறுவப்பட்டவை, எவை நம்பிக்கையளவில் நிற்பவை என்பதையும் தமிழகத்தோடு தொடர்புடைய கணிதப் பணிகளையும் சேர்த்துக்கொண்டு இக்கட்டுரை ஆராய்கிறது.

வகுபடுதலும் வகுபடாமையும்

வகுபடுதல், வகுபடாமை என்னும் இரு பண்புகளும் திருப்பூர்ப் பின்னலாடைத் தொழிலில் அருகருகே பயன்படுகின்றன. வட்டப் பின்னல் இயந்திரத்தின் உருளையைச் சுற்றி அமையும் ஊசிகளின் எண்ணிக்கை, டயா எனப்படும் விட்டத்தையும் ஓர் அங்குலத்துக்கு எத்தனை ஊசி என்பதைக் குறிக்கும் கேஜையும் பொறுத்தது. 30 அங்குல டயாவும் 24 கேஜும் உள்ள இயந்திரத்துக்குச் சுற்றளவுக் கணக்குப்படி ஏறத்தாழ 2,262 ஊசிகள் வரும். ஜக்கார்டு கோலம் துணியைச் சுற்றி மீண்டும் மீண்டும் வரவேண்டுமாயின், ஒரு கோலத்துக்குரிய ஊசிகளின் எண்ணிக்கை மொத்த ஊசிகளை மீதியின்றி வகுக்க வேண்டும். இல்லையேல் சுற்றின் முடிவும் தொடக்கமும் சேருமிடத்தில் கோலம் முறிந்துபோகும். 2,268 ஊசிகள் என்று வைத்துக்கொண்டால், அவ்வெண் 2-இன் இரண்டாம் அடுக்கு, 3-இன் நான்காம் அடுக்கு, 7 ஆகியவற்றின் பெருக்கலாதலால் அதற்கு 30 வகுத்திகள் உண்டு. 12, 18, 36, 63 என எத்தனையோ கோல அகலங்களுக்கு அது இடம்கொடுக்கும். அதற்கு அடுத்த எண்ணான 2,269 பகா எண்ணாதலால் அதில் எந்தக் கோலமும் மீளாது.

பின்னல் தறிக்கு வகுபடும் எண் தேவைப்பட, அத்தறியில் விளைந்த துணிக்கான விற்பனைப் பட்டியலுக்கு வகுபடாத எண் தேவைப்படுகிறது. ஆண்டு விற்றுமுதல் 5 கோடி ரூபாயைத் தாண்டிய நிறுவனங்கள் பிற வணிக நிறுவனங்களுக்கு விற்பதற்கும் ஏற்றுமதிக்கும் இ-இன்வாய்ஸ் எடுக்க வேண்டும் என்பது 2023 ஆகஸ்ட் 1 முதல் ஜி.எஸ்.டி. விதியாக உள்ளது. அரசின் பதிவுத்தளம் ஒவ்வொரு பட்டியலுக்கும் 64 வரியுருக்கள் கொண்ட தனி எண்ணை வழங்கி, பட்டியலின் முக்கிய விவரங்களை மின்கையொப்பமிட்ட கியூ.ஆர். குறியீடாகத் தருகிறது. அக்கையொப்பம் ஆர்.எஸ்.ஏ. என்னும் முறையில் அமைந்தது. அம்முறையின் உயிர்நிலை இரண்டு பெரும் பகா எண்களாகும். அவற்றைப் புரிந்துகொள்ள, முதலில் பெரிய எண்களிடையே பகா எண்கள் எவ்வளவு நெருக்கமாக உள்ளன என்பதைக் காண வேண்டும்.

பகா எண்களின் பரவல்

எண்கள் பெரியவை ஆக ஆகப் பகா எண்கள் அரிதாகின்றன. ஆனால் அவை அருகிவரும் வேகம் மிக மெதுவானது. ஒரு பெரிய எண்ணின் அருகே பகா எண் கிடைக்கும் வாய்ப்பு, அவ்வெண்ணின் இயல் மடக்கையில் ஒன்று என்பதே பகா எண் தேற்றத்தின் சாரம்; காஸும் லெஜாந்தரும் ஊகித்த இதனை 1896-இல் அதமாரும் தெ ல வல்லே பூசானும் தனித்தனியே நிறுவினர். இருமக் குறியீட்டில் 1,024 இலக்கங்கள் கொண்ட எண் பதின்மக் குறியீட்டில் 308 அல்லது 309 இலக்கங்களாக விரியும். அந்த அளவில் ஏறத்தாழ 710 எண்களுக்கு ஒன்று பகா எண்ணாகும். இரட்டை எண்களை நீக்கிவிட்டால் 355-க்கு ஒன்று. ஆகவே, அவ்வளவு பெரிய பகா எண் வேண்டுவோர் குருட்டாம்போக்கில் ஒற்றை எண்களை எடுத்துச் சோதித்துக்கொண்டே போனால் சராசரியாகச் சில நூறு முயற்சிகளில் ஒன்றை அடைந்துவிடலாம். அதே அளவிலுள்ள பகா எண்களின் மொத்தத் தொகை, 1-க்குப் பின் 305 சுழியங்களை இட்டு வரும் எண்ணையும் விஞ்சுகிறது. ஆதலால் நேர்மையாகக் குலுக்கி எடுக்கும் இருவருக்கு ஒரே பகா எண் வாய்க்குமோ என்ற அச்சத்துக்கு இடமில்லை.

இப்பரவலைப் பற்றி ஆராய்ந்தவர்களுள் சீனிவாச ராமானுஜனுக்குத் தனி இடமுண்டு. திருப்பூரை அடுத்த ஈரோட்டில் 1887 டிசம்பர் 22 அன்று தாய்வழிப் பாட்டி வீட்டில் பிறந்து கும்பகோணத்தில் வளர்ந்த அவர், சென்னைத் துறைமுகக் கழகத்தில் எழுத்தராக இருந்தபோது 1913 ஜனவரி 16 அன்று கேம்பிரிட்ஜில் இருந்த ஜி. எச். ஹார்டிக்கு எழுதிய கடிதத்தில், கொடுத்த எண்ணுக்குட்பட்ட பகா எண்களின் தொகையைத் தரும் கோவையைக் கண்டதாகக் குறிப்பிட்டிருந்தார். சிறிய எண்களுக்கு வியக்கத்தக்க துல்லியத்தோடு பொருந்திய அக்கோவை, அவர் எதிர்பார்த்த அளவுக்கு எல்லையற்றுப் பொருந்துவதன்று என்பதும், ரீமானின் சீட்டா சார்பு கலப்பெண் தளத்தில் சுழியமாகும் இடங்களின் பங்கை அது கணக்கில் கொள்ளவில்லை என்பதும் பின்னர் ஹார்டியின் ஆய்வால் தெளிவாயின. பகா எண்களைப் பொறுத்தவரை கோடிக்கணக்கான எண்களில் கண்ட ஒழுங்கும் நிறுவலாகாது என்பதை 1914-இல் லிட்டில்வுட் நிறுவிய முடிவு உறுதிப்படுத்துகிறது: கணக்கிட்டுப் பார்த்த எல்லையெங்கும் பகா எண்களின் உண்மைத் தொகையை மிஞ்சியே நின்ற மடக்கைத் தொகையீட்டு மதிப்பீடு, எங்கோ தொலைவில் அதற்குக் கீழே இறங்கும் என்றும், இந்த ஏற்ற இறக்கம் முடிவின்றி நிகழும் என்றும் அவர் காட்டினார்.

ராமானுஜன் முழுமையாக நிறுவிய முடிவொன்று 1919-இல் இந்தியக் கணிதக் கழகத்தின் இதழில் வெளிவந்தது. 1-ஐவிடப் பெரிய எந்த எண்ணுக்கும் அதன் இருமடங்குக்கும் இடையே ஒரு பகா எண்ணேனும் இருக்கும் என்ற பெர்த்ரானின் கூற்றைச் செபிஷேவ் பத்தொன்பதாம் நூற்றாண்டிலேயே நிறுவியிருந்தார். ராமானுஜன் அதற்கு மிகச் சுருக்கமான நிறுவல் ஒன்றை அளித்ததோடு, எந்த எல்லைக்குப் பின் அந்த இடைவெளியில் குறைந்தது இரண்டு, மூன்று, நான்கு பகா எண்கள் எப்போதும் இருக்கும் என்பதையும் வரையறுத்தார். அவ்வெல்லைகளான 2, 11, 17, 29, 41 முதலியன இன்று ராமானுஜன் பகா எண்கள் எனப்படுகின்றன. பகா எண்களைத் தேடுவோர் வெறுங்கையோடு திரும்ப வேண்டியதில்லை என்பதற்கு உறுதியளிக்கும் தேற்றங்களின் வரிசையில் இது அடங்கும்.

வடிவம் கொண்ட ஒரு பெரும் பகா எண்

2-ஐ ஒரு பகா எண்ணின் அடுக்குக்கு உயர்த்தி அதிலிருந்து 1-ஐக் கழித்துப் பெறும் பகா எண்கள், பதினேழாம் நூற்றாண்டுப் பிரெஞ்சுத் துறவி மெர்சென்னின் பெயரால் வழங்குகின்றன. 2024 அக்டோபர் 12 அன்று உறுதிசெய்யப்பட்ட 2¹³⁶²⁷⁹⁸⁴¹ − 1 என்பது அவ்வகையில் அறியப்பட்டவற்றுள் 52-ஆவது. 41,024,320 இலக்கங்கள் கொண்ட இதனை, 1996-இல் ஜார்ஜ் வோல்ட்மன் தொடங்கிய கூட்டுத் தேடல் திட்டத்தில் பங்கேற்ற லூக் டியூரன்ட், பல நாடுகளின் தரவு மையங்களில் இருந்த வரைகலைச் செயலிகளைக் கொண்டு கண்டறிந்தார். அதற்கு முன் 2018 டிசம்பரில் கண்டறியப்பட்டிருந்த பெரிய பகா எண்ணுக்கு 24,862,048 இலக்கங்களே இருந்தன.

இவ்வெண்ணை முழுமையாக எழுதிப் பார்க்காமலேயே அதன் பண்புகள் பலவற்றை அறிய முடிவது அதன் வடிவத்தால்தான். மட்டு எண்கணிதம், அதாவது எண்களை ஒரு குறிப்பிட்ட எண்ணால் வகுத்து வரும் மீதிகளை மட்டும் கொண்டு கணக்கிடும் முறை, இதற்குத் துணைசெய்கிறது. 2-இன் அடுக்குகளின் கடைசி இலக்கம் 2, 4, 8, 6 என நான்கு படிகளுக்கொரு முறை மீளும். 136,279,841 என்ற அடுக்கெண் 4-ஆல் வகுக்கப்பட 1 மீதி தருவதால், 2-இன் அந்த அடுக்கு 2-இலும் நம் எண் 1-இலும் முடிகின்றன. அதே வழியில், அதனை 7-ஆல் வகுத்தால் 3-உம், 9-ஆல் வகுத்தால் 4-உம், 11-ஆல் வகுத்தால் 1-உம் மீதியாகும் என்பதைத் தாளும் பென்சிலும் கொண்டே கண்டுவிடலாம். இரும வடிவில் அது 136,279,841 ஒன்றுகளின் தொடர் மட்டுமே. அதற்கு அடுத்த ஒற்றை எண் 3-ஆல் வகுபடும் என்பதால், 2 இடைவெளியில் இணைந்து வரும் இரட்டைப் பகா எண்களில் சிறியதாக அது இருக்க இயலாது.

ஆழமான பண்புகளும் இதே வழியில் வெளிப்படுகின்றன. நம் எண் 4-ஆல் வகுக்கப்பட 3 மீதி தருவதால், அதனை இரண்டு வர்க்க எண்களின் கூட்டலாக எழுத முடியாது. 8-ஆல் வகுக்கப்பட 7 மீதி தருவதால் மூன்று வர்க்கங்களும் போதா. எல்லா மிகை முழு எண்களுக்கும் நான்கு வர்க்கங்கள் போதும் என்று லக்ராஞ்ச் 1770-இல் நிறுவியதால், இதற்குச் சரியாக நான்கு வர்க்கங்கள் தேவை என்பது முடிவாகிறது. எத்தனை வர்க்கங்கள் போதும் என்னும் வினாவை உயரடுக்குகளுக்கு விரிப்பதே வாரிங் சிக்கல். அதில் பெரும்பங்காற்றியவர் குற்றாலத்தை அடுத்த வல்லத்தில் 1901-இல் பிறந்து அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தில் பணியாற்றிய எஸ். எஸ். பிள்ளை; எந்த எண்ணையும் எழுத அதிகப்படியாக 73 ஆறாம் அடுக்குகள் போதும் என அவர் 1940-இல் நிறுவினார். நீண்டகாலம் எஞ்சி நின்ற நான்காம் அடுக்குக்குரிய 19 என்ற விடையை 1986-இல் முடிவுசெய்த மூவருள் ஒருவர், பின்னாளில் சென்னைக் கணித அறிவியல் நிறுவனத்தின் இயக்குநராக இருந்த ஆர். பாலசுப்பிரமணியன் ஆவார்.

நம் எண்ணின் மட்டில் கணக்கிடும்போது 2-இன் 136,279,841-ஆவது அடுக்கு 1-ஆகிவிடுகிறது. இதிலிருந்து 2-இன் வர்க்கமூலமும் உடனே கிடைக்கிறது: 2-ஐ 68,139,921-ஆவது அடுக்குக்கு உயர்த்தி அதனை வர்க்கப்படுத்தினால் அம்மட்டில் 2 வருகிறது. இவ்வெண்ணோடு இணைந்து செவ்விய எண் ஒன்றும் கிடைக்கிறது; தன்னைத் தவிர்த்த வகுத்திகளின் கூடுதல் தனக்கே சமமாக இருக்கும் 6, 28 போன்ற எண்களே செவ்விய எண்கள். யூக்ளிடின் விதிப்படி இப்பகா எண்ணை 2-இன் 136,279,840-ஆவது அடுக்கால் பெருக்க வரும் செவ்விய எண்ணுக்கு 82,048,640 இலக்கங்கள் உள்ளன. மெர்சென் பகா எண்களுக்கு முடிவுண்டா, ஒற்றையான செவ்விய எண் ஏதேனும் உண்டா என்னும் இரு வினாக்களும் இன்னும் தீர்க்கப்படவில்லை.

பகா எண் என்பதற்குச் சான்று

ஓர் எண் பகா எண் என்பதற்கு வகுத்துப் பார்ப்பதே பள்ளியில் கற்பிக்கப்படும் வழி. ஆனால் 309 இலக்க எண்ணுக்கு அதன் வர்க்கமூலம் வரை வகுத்துப் பார்ப்பதற்கு 1-க்குப் பின் 150-க்கும் மேற்பட்ட சுழியங்கள் கொண்ட அளவில் முயற்சிகள் தேவைப்படும் என்பதால் அது எந்தக் கணினிக்கும் இயலாதது. 1 முதல் பகா எண்ணுக்கு முந்தைய எண் வரை பெருக்கி 1-ஐக் கூட்டினால் அத்தொகை அப்பகா எண்ணால் வகுபடும், பகு எண்ணுக்கு இது நிகழாது என்ற வில்சன் தேற்றம் பிழையற்ற அடையாளத்தைத் தருகிறது எனினும், அப்பெருக்கலின் நீளமே அதைச் சோதனைக்கு உதவாததாக்குகிறது. அத்தேற்றத்தை ஒட்டி எஸ். எஸ். பிள்ளை எழுப்பிய வினா வேறு வகையில் பயன் தந்தது. 1 முதல் ஓர் எண் வரையிலான பெருக்கலோடு 1-ஐக் கூட்டி வரும் தொகையை வகுக்கும் பகா எண், அந்த எண்ணால் வகுக்கப்படும்போது எப்போதும் 1 மீதி தருமா என்பது வினா. 1 முதல் 14 வரை பெருக்கி 1-ஐக் கூட்டினால் வரும் 87,178,291,201 என்ற எண் 23-ஆல் வகுபடுகிறது. 23-ஐ 14-ஆல் வகுத்தாலோ மீதி 9. ஆகவே விடை இல்லை என்பதே. அவ்வாறு விதிவிலக்காகும் 23, 29, 59, 61 முதலியன பிள்ளை பகா எண்கள் எனப்படுகின்றன. அவை எண்ணற்றவை என்பதும் நிறுவப்பட்டுள்ளது. அமெரிக்காவில் நடக்கவிருந்த உலகக் கணித மாநாட்டுக்குச் செல்லும் வழியில் 1950 ஆகஸ்ட் 31 அன்று கெய்ரோ அருகே நேர்ந்த விமான விபத்தில் பிள்ளை உயிரிழந்தார்.

நடைமுறைச் சோதனைகள் 1640-இல் ஃபெர்மா கூறிய தேற்றத்திலிருந்து கிளைப்பவை: எந்த எண்ணையும் ஒரு பகா எண்ணின் அடுக்குக்கு உயர்த்தி, அவ்வெண்ணையே கழித்தால், வரும் விடை அப்பகா எண்ணால் வகுபடும். அடுத்தடுத்து வர்க்கப்படுத்தி மீதியெடுக்கும் உத்தியால் மிகப் பெரிய அடுக்கையும் சில ஆயிரம் பெருக்கல்களில் கணக்கிட்டுவிடலாம். எனினும் 3, 11, 17 ஆகியவற்றின் பெருக்கலான 561 போன்ற பகு எண்கள் எல்லா அடிகளுக்கும் இச்சோதனையில் தேறிவிடுகின்றன. இக்குறையை நீக்கி 1976-இல் மில்லரும் 1980-இல் ராபினும் உருவாக்கிய முறையில், எந்த ஒற்றைப் பகு எண்ணும் தற்செயலாகத் தெரிந்தெடுத்த அடிகளுள் நான்கில் மூன்று பங்குக்கேனும் பிடிபட்டுவிடும். இருபது முறை சோதித்துத் தேறிய எண் பகு எண்ணாக இருக்கும் வாய்ப்பு புறக்கணிக்கத்தக்கது. வணிக மென்பொருள்கள் பெரும்பாலும் இதையே நம்புகின்றன.

மெர்சென் எண்களுக்கு ஐயத்துக்கு இடமற்ற தனிச் சோதனை உண்டு. லூக்காவும் பின்னர் லேமரும் செப்பஞ்செய்த அம்முறையில், 4-இல் தொடங்கி, ஒவ்வொரு படியிலும் வர்க்கப்படுத்தி 2-ஐக் கழித்து, சோதிக்கப்படும் எண்ணின் மட்டில் மீதியெடுக்க வேண்டும். அடுக்கெண்ணைவிட இரண்டு குறைந்த படிகளின் முடிவில் சுழியம் வந்தால் அது பகா எண், வராவிட்டால் பகு எண். 5-ஆம் அடுக்குக்குரிய 31-ஐ எடுத்துக்கொண்டால் 4, 14, 8, 0 என மூன்று படிகளில் சுழியம் வருகிறது. 2024-இன் எண்ணுக்கு இவ்வாறு 136,279,839 முறை வர்க்கப்படுத்த வேண்டியிருந்தது. ஆகவே உலகின் மிகப் பெரிய பகா எண்கள் மெர்சென் வகையினவாகவே அமைவதற்குக் காரணம், அவ்வகையில் அவை மிகுதி என்பதன்று. அங்கேதான் சான்று மலிவாகக் கிடைக்கிறது என்பதே.

எவ்வடிவமும் இல்லாத எண்ணுக்கும், தற்செயலையோ நிறுவப்படாத ஊகத்தையோ நம்பாமல், இலக்கங்களின் எண்ணிக்கையைப் பொறுத்து மிதமாகவே வளரும் நேரத்தில் விடை தரும் முறை உண்டா என்ற அடிப்படை வினாவுக்கு 2002 ஆகஸ்டில் கான்பூர் இந்தியத் தொழில்நுட்பக் கழகத்தைச் சேர்ந்த மணீந்திர அகர்வால், நீரஜ் கயல், நிதின் சக்சேனா ஆகிய மூவர் உண்டு என விடையளித்தனர். பின்னிருவரும் அப்போதுதான் இளநிலைப் பட்டப் படிப்பை முடித்தவர்கள். 2004-இல் அச்சேறி, 2006-இல் கோடல் பரிசு பெற்ற அம்முறை, ஃபெர்மா தேற்றத்தைப் பல்லுறுப்புக் கோவைகளுக்கு விரித்து, அக்கோவைகளைச் சிறிய அளவுக்குச் சுருக்கிச் சோதிக்கிறது. நடைமுறையில் மற்ற முறைகளைவிட அது மெதுவானது என்பது உண்மையே. ஆயினும் பகா எண்ணை இனங்காணுதல் கொள்கையளவிலும் எளிய சிக்கல் என்பது அதனால் ஐயந்திரிபற நிலைநாட்டப்பட்டது.

மறைவுக்குரிய பகா எண்கள்

ஓர் எண் பகு எண் என்று அறிவதும் அதன் காரணிகளை அறிவதும் ஒன்றல்ல. 2-இன் 67-ஆவது அடுக்கிலிருந்து 1-ஐக் கழித்த எண்ணைப் பகா எண் என மெர்சென் 1644-இல் கூறியிருந்தார். அது பகு எண்ணே என 1876-இல் லூக்கா காட்டியபோது அவரால் ஒரு காரணியையும் சொல்ல இயலவில்லை. 193,707,721 மற்றும் 761,838,257,287 என்ற காரணிகளை ஃபிராங்க் கோல் 1903-இல் வெளியிடும் வரை இருபத்தேழு ஆண்டுகள் கழிந்தன. இந்த இடைவெளியையே 1977-இல் ரிவெஸ்ட், ஷமீர், ஏடில்மன் ஆகியோர் ஆர்.எஸ்.ஏ. முறைக்கு அடித்தளமாக்கினர். இரு பெரும் பகா எண்களின் பெருக்கற்பலன் எல்லோருக்கும் தெரிய வெளியிடப்படும். அதைக் கொண்டு எவரும் கையொப்பத்தைச் சரிபார்க்கலாம். ஆனால் கையொப்பமிடும் திறவெண்ணைக் கணக்கிட அவ்விரு பகா எண்களும் தெரிந்திருக்க வேண்டும். பட்டியலின் கியூ.ஆர். குறியீட்டை வாங்குவோர் தம் கைப்பேசியிலேயே சரிபார்க்க முடிவதும், ஒரு ரூபாய்த் தொகையைக்கூட எவரும் அதில் திருத்திவிட முடியாததும் இதனாலேயே. தகவல் தொழில்நுட்பச் சட்டம், 2000 இவ்வகை மின்கையொப்பத்துக்குச் சட்ட ஏற்பு அளித்தது. இன்று வழக்கிலுள்ள 2,048 இரும இலக்கப் பெருக்கற்பலன் பதின்மத்தில் 617 இலக்கங்கள் கொண்டது. வடிவமற்ற இவ்வகைப் பெருக்கற்பலன்களுள் வெளிப்படையாகப் பிரிக்கப்பட்டவற்றில் பெரியதாக 2020 பிப்ரவரியில் பிரிக்கப்பட்ட எண்ணுக்கு 250 இலக்கங்களே, அதற்கும் ஏறத்தாழ 2,700 ஆண்டுகள் ஒற்றைச் செயலி உழைப்புக்கு ஈடான கணிப்பு தேவைப்பட்டது.

சாதனைக்குரிய எண்ணில் நன்மையாக இருந்த வடிவம் இங்கே தீமையாகிறது. 2012-இல் இணையத்தின் பொதுத் திறவெண்களைத் திரட்டி ஆராய்ந்தவர்கள், போதிய தற்செயல்தன்மை இன்றித் தொடங்கிய கருவிகள் ஒரே பகா எண்ணை மீண்டும் பயன்படுத்தியிருந்ததைக் கண்டனர். இரு பெருக்கற்பலன்களுக்கு ஒரு காரணி பொதுவாக இருந்தால், மீப்பெரு பொதுக் காரணியைக் காணும் யூக்ளிடின் பழைய வழியே இரண்டையும் நொடியில் பிரித்துவிடும். 2017-இல் ஒரு சில்லு வகை, விரைவுக்காகக் குறிப்பிட்ட வாய்பாட்டுக்குட்பட்ட பகா எண்களையே உருவாக்கிவந்தது வெளியானபோது, எஸ்தோனியாவில் ஏழு லட்சத்துக்கும் மேற்பட்ட அடையாள அட்டைகளின் பாதுகாப்பு கேள்விக்குள்ளானது. அவ்வெண்கள் பகா எண்கள் என்பதில் பிழையில்லை. அவை எங்கிருந்து எடுக்கப்பட்டன என்பதில்தான் பிழை.

மதிப்பீடு

மேற்கண்டவற்றைத் தொகுத்து நோக்கினால், ஒரு பகா எண்ணின் பயனை அதன் பருமன் தீர்மானிப்பதில்லை என்பது புலனாகும். நாலு கோடி இலக்கங்கள் கொண்ட மெர்சென் பகா எண்ணை ஒரே வரியில் எழுதிவிடலாம் என்பதால் அது எந்தக் கையொப்பத்துக்கும் காவலாகாது. 309 இலக்க எண்ணுக்கு அத்தகைய சுருக்கெழுத்து இல்லை என்பதே அதன் மதிப்பு. நிறுவப்பட்டதற்கும் நம்பப்படுவதற்கும் இடையிலான எல்லையும் இங்கே தெளிவாக உள்ளது. பகா எண்ணை இனங்காணுதல் எளிது என்பது தேற்றம். காரணிப்படுத்தல் கடினம் என்பது பல நூற்றாண்டு முயற்சிகளின் தோல்வியிலிருந்து பெற்ற நம்பிக்கை மட்டுமே, அதற்கு எந்த நிறுவலும் இல்லை. போதிய ஆற்றலுடைய குவாண்டம் கணினி அமைந்தால் காரணிப்படுத்தல் எளிதாகிவிடும் என 1994-இல் பீட்டர் ஷோர் காட்டியதும், அமெரிக்கத் தர நிர்ணய நிறுவனம் 2024 ஆகஸ்டில் குவாண்டம் கணினியின் தாக்குதலைத் தாங்கும் நோக்கிலான புதிய முறைகளைத் தரப்படுத்தியதும், இந்திய அரசு 2023 ஏப்ரலில் தேசிய குவாண்டம் இயக்கத்துக்கு ஒப்புதல் அளித்ததும் அந்நம்பிக்கைக்குக் காலவரம்பு உண்டு என்பதை உணர்த்துகின்றன. அவ்வாறு மாற்றம் வருமாயின் பட்டியல்களின் கையொப்பமுறை மாறும்; அதற்குரிய பொறியியல் பணி பெரிதாயினும் செய்து முடிக்கக்கூடியது. பகா எண்களின் பரவலும், மெர்சென் எண்களின் முடிவின்மையும், சீட்டா சார்பின் சுழியங்களும் பற்றிய வினாக்களோ எந்தக் கணினியின் வேகத்துக்கும் கட்டுப்படாதவை. அவற்றுக்கு விடையளிக்கத் தேவைப்படுவது நிறுவல். அத்தகைய நிறுவல்கள் பல்கலைக்கழக ஆய்வுக்கூடங்களிலிருந்து மட்டுமன்றித் துறைமுக அலுவலக மேசையிலிருந்தும் இளநிலை மாணவர் விடுதியிலிருந்தும் தொடங்கியிருக்கின்றன என்பதை இந்நாட்டுக் கணித வரலாறே காட்டுகிறது.